ஏரிக்காகக் கபடி நடத்துகிறீர்களா? தராசை எடுத்து வராதீர்கள்

"நுழைவுக் கட்டணம் கிடையாது; ஏரியைச் சுத்தம் செய்துவிட்டு வந்து ஆடுங்கள்." தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஏற்பாடு இது. பந்தல், பரிசு, நடுவர் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. ஏரியையே கெடுக்கும் தவறுகள் வேறு.

குப்பையை எடைபோட்டுப் புள்ளி தருவது

திரும்பத் திரும்ப நடப்பதும், பார்க்கவே எரிச்சல் தருவதும் இதுதான். ஆகாயத்தாமரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஈரத்தோடு இழுத்துக் கட்டினால் ஒரே சாக்கு தராசைச் சாய்த்துவிடும். பால் கவரையும் தெர்மாகோலையும் காலை முழுக்கப் பொறுக்கினாலும் சில கிலோதான் தேறும். ஜெயிக்க வந்த பையன்கள் எதை எடுப்பார்கள்? சாக்கின் அடியில் சேறு போகும். மதகை அடைத்த பாலித்தீன் அப்படியே கிடக்கும்.

அதைவிட மோசம், எடை போட்டதும் செடியைக் கரையின் உள்சரிவிலேயே கொட்டுவது. ஒரு மழை போதும், எல்லாம் திரும்ப ஏரிக்குள். சிறு துண்டு தண்டும் வேர்விடும். தோதான சூட்டில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். இளைஞர்களின் ஒரு நாள் உழைப்பு மொத்தமும் வீண்.

எடைக்குப் பதில் நீளத்தைக் கொடுங்கள். வரத்துக் கால்வாயை 50 மீட்டர் துண்டுகளாகக் குச்சி நட்டுப் பிரித்து, குலுக்கல் போடுங்கள். அணிக்கு 12 பேர், இரண்டு மணி நேரம். பத்துப் புள்ளியில் பிளாஸ்டிக் எடுத்ததற்கு 4, செடியைக் கரைக்கு வெளிப்புறம் கொண்டுபோய்ப் பரப்பியதற்கு 3. மிச்சம் 3 புள்ளி, 15 நாள் கழித்து அதே துண்டைப் பார்த்து. இறுதிப் போட்டியை அந்த நாளில் வைத்தால் அணிகளே கால்வாயைக் காவல் காக்கும். காய்ந்த செடியைச் சாணத்தோடு மட்க வைக்கலாம். சாக்கடை, ஆலைக்கழிவு கலக்கும் ஏரி என்றால் அந்த எருவைக் காய்கறிக்குப் போடக் கூடாது.

ஏரிக்குள் ஆடுகளம்

வேண்டாம். களத்தைச் சமன் செய்யக் கொட்டிய மொரம் (சரளை மண்) திரும்ப வெளியே வராது. கபடிக்கு 13க்கு 10 மீட்டர், களத்துமேடே போதும்.

பொங்கல் தேதி

தை மாதம் ஏரியில் தண்ணீர் நிற்கும். கால்வாய் வேலைக்கு மே மாதம்தான் சரி. பள்ளியும் விடுமுறை.

நுரைத் தண்ணீரில் இறக்குவது

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தென்பெண்ணையில் நுரை தெரிந்தால், கையுறை இருந்தாலும் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். கரை வேலை மட்டும். கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்தால், கீழே ஆற்றோரத்தில் அன்றைக்கு அதுவும் கிடையாது.

தண்ணீர் பாக்கெட்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வையுங்கள்.