சமூக ஊடகம் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கெங்கே சறுக்கும்?

விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஓர் அசைன்மென்ட் வந்தது. தலைப்பு ‘சமூக ஊடகங்களும் ஊடகச் சித்திரிப்பும்’. சித்திரிப்பு என்றால், ஆட்களையும் நிகழ்வுகளையும் ஊடகம் எப்படிக் காட்டுகிறது என்பது. பன்னிரண்டு பக்கம். ஒரே ராத்திரியில் எழுதி முடித்து, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்ற நினைப்போடு தூங்கப் போனேன். ஒரு வாரம் கழித்து மேடம் திருத்திய பேப்பர் கைக்கு வந்தபோது ஓரம் முழுக்கப் பென்சிலில் ஒரே சொல்: “யார்?” நான் “மக்கள் நம்பினார்கள்” என்று எழுதிய இடத்தில் ஒரு “யார்?” “ஊடகங்கள் பெரிதாக்கின” என்ற இடத்தில் இன்னொரு “யார்?” “இளைஞர்கள் சீரழிகிறார்கள்” என்ற வரிக்கு மட்டும் கேள்விக்குறி இரண்டு. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பத்தொன்பது.

பத்தொன்பதையும் இங்கே சொல்லப் போவதில்லை. சில வெறும் அவசரத்தில் வந்தவை. 2020 ஜூனிலேயே இந்தியாவில் தடையான டிக்டாக்கை ‘இன்று அதிகம் பயன்படும் செயலிகள்’ பட்டியலில் போட்டிருந்தது அந்த வகை. மற்றவை அப்படியில்லை. பிறகு ஜூனியர்களின் பேப்பரைப் பார்த்துக் கொடுக்கும்போதெல்லாம் அதே தவறுகள் அதே வரிசையில் வந்து நின்றன.

சினிமாவில் பார்த்ததை நடந்ததாக எழுதுவது

என் முதல் பக்கம் இப்படித் தொடங்கியது: “காதலி விட்டுப்போன கோபத்தில் ஒரு கல்லூரி மாணவன் ஃபேஸ்புக்கைத் தொடங்கினான்.” எங்கே படித்தாய் என்று மேடம் கேட்டார். படிக்கவில்லை, பார்த்தேன். 2010-ல் வந்த ‘தி சோசியல் நெட்வொர்க்’ படம் அது. டேவிட் ஃபின்ச்சர் இயக்கியது, திரைக்கதை ஆரன் சோர்கின். அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. படத்தின் முதல் காட்சியில் நாயகனை உதறிவிட்டுப் போகும் அந்தக் காதலி கற்பனைப் பாத்திரம்.

நடந்தது கொஞ்சம் வேறு. 2003-ல் ஃபேஸ்புக்கின் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் ‘ஃபேஸ்மேஷ்’ என்று ஒன்றைச் செய்தார். ஹார்வர்டு மாணவர்களின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் யார் அழகு என்று கேட்கும் விவகாரம் அது. அந்த ராத்திரி அவர் எழுதிய குறிப்பில் ஒரு பெண் மேல் எரிச்சல் தெரிந்தது உண்மை. ஆனால் ஃபேஸ்புக் அடுத்த வருஷம், 2004 பிப்ரவரி 4 அன்று வந்தது. பின்னாளில் அவர் மனைவியான பிரிசில்லா சான் 2003-லேயே அறிமுகமாகிவிட்டார், படத்தில் அவர் கிடையாது. இருந்திருந்தால் கதை ஓடியிருக்காது என்பது வேறு விஷயம்.

அதற்காகப் படத்தை அசைன்மென்டிலிருந்து தூக்கிவிட வேண்டியதில்லை. நான் முதலில் அதைத்தான் செய்யப் போனேன், மேடம்தான் தடுத்தார். ஃபேஸ்புக் எப்படித் தொடங்கியது என்பதற்கு அது சாட்சியில்லை. ஆனால் 2010-ல் ஒரு சமூக வலைத்தளத்தைச் சினிமா எப்படிக் கற்பனை செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தனிமையான ஒரு மேதை, ஒரு துரோகம், ஒரு கோர்ட்டுக் கேஸ். தளத்தைச் செய்தவனின் கதை அது. தினமும் அதில் உட்கார்ந்திருக்கிற நம்மைப் போன்ற ஆட்கள் அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. அதை நான் கவனித்து எழுதியிருந்தால் ஒரு “யார்?” குறைந்திருக்கும்.

கருவிக்கு மாலை போடுவது

அடுத்த சறுக்கல் ஜல்லிக்கட்டில். “2017 மெரினா போராட்டத்தைச் சமூக ஊடகமே உருவாக்கியது” என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். எத்தனையோ டிவி விவாதங்களில் கேட்ட வரி, அப்படியே வந்து விழுந்துவிட்டது.

2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்ட நாளிலிருந்து மதுரைப் பக்கம் கோபம் புகைந்துகொண்டுதான் இருந்தது. 2017 பொங்கலில் அலங்காநல்லூரில் போராடியவர்களைப் போலீஸ் பிடித்துப் போனதும், ஜனவரி 17 அன்று மெரினாவில் கூட்டம் சேர ஆரம்பித்தது. “பீச்சுக்கு வாங்க” என்று வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் செய்தி பறந்தது உண்மைதான். ஆனால் விளக்கை அணைத்த ராத்திரியில் செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தவை மனிதக் கைகள். சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் எந்த ஆப்பும் சமைத்து அனுப்பியதில்லை. 23-ஆம் தேதி போலீஸ் கலைத்தபோது ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தது நடுக்குப்பம் மீனவர்கள். அதற்கு விலையாக அவர்களின் மீன் மார்க்கெட் எரிந்தது.

சித்திரிப்பு என்று தேடினால் சரக்கு இங்கேதான் இருக்கிறது. 22-ஆம் தேதி வரைக்கும் திரையில் “அமைதியான மாணவர்கள், கட்டுப்பாடான இளைஞர்கள்.” மறுநாளே “சமூக விரோதிகள்” என்ற சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. மணல் அதே மணல், கூட்டமும் ஏறக்குறைய அதே கூட்டம். என் பேப்பரில் மீனவர்களும் இல்லை, இந்தச் சொல் மாற்றமும் இல்லை. ஃபேஸ்புக் மட்டும் இருந்தது.

எல்லாவற்றையும் ‘அல்காரிதம்’ தலையில் கட்டுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள் அதிகம் விழும் குழி இது.

2018-ல் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி பரவியது நினைவிருக்கும். இந்தியாவில் அப்போது சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போவது. கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்த படம் அது. குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவதுதான் அதன் முடிவு. அந்த முடிவை வெட்டி எறிந்துவிட்டுச் சுற்ற விட்டார்கள். தமிழில் இதுபோக ஆடியோக்கள் வேறு. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊர் கூடி அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார்.

இதை எழுதிவிட்டு, “இத்தகைய வதந்திகளை அல்காரிதம் பரப்புகிறது” என்று முடித்திருந்தேன். தவறு. யூடியூபில் ஒன்றைப் பார்த்து முடித்ததும் அடுத்ததை எடுத்துக் கொடுக்க அல்காரிதம் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் எந்த ரீல் முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்யவும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஆடியோவை அப்படி யாரும் நமக்காகப் பொறுக்கி எடுப்பதில்லை. ஒரு ஆள் விரலால் அழுத்திப் பிடித்து, பெயர்களைத் தேர்ந்து, அம்புக்குறியைத் தட்டினால்தான் அது நகரும். நிறுவனம் பிறகு செய்த மாற்றங்களும் அந்த விரலைத்தான் குறி வைத்தன. 2018 ஜூலையில் ‘ஃபார்வேர்டட்’ என்ற அடையாளம் வந்தது. இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து அரட்டைக்கு மேல் அனுப்ப முடியாது என்றானது. அப்புறம் இரட்டை அம்புக்குறி. ஐந்தும் அதற்கு மேலும் கை மாறி வந்த செய்தி என்று அதற்குப் பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒரே அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும்.

ஆகவே ‘சமூக ஊடகம்’ என்று மொத்தமாக ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். எந்த ஆப், அதில் ஒரு செய்தி எப்படி நகர்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். குற்றம் யார் மேல் என்பதை அப்புறம் பேசலாம்.

பழைய ஊடகத்தை நீதிபதி நாற்காலியில் உட்கார வைப்பது

என் ஊர் திருப்பூர். அப்பா சின்னதாக ஒரு பவர்டேபிள் யூனிட், அதாவது தையல் மிஷின் பட்டறை, வைத்திருக்கிறார். ஜாப் ஒர்க்தான், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. தைக்கிறவர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசா. 2023 மார்ச் முதல் வாரம் ஹோலிக்குச் சிலர் ஊருக்குக் கிளம்புவது வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது எட்டு மிஷினில் மூன்றுதான் ஓடியது. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த பையன் போனைக் காட்டினான். யாரையோ வெட்டுகிறார்கள், கீழே இந்தியில் எழுத்து. “ஓனர், அம்மா அழுவுது, வான்னு சொல்லுது” என்றான். “இது நம்ம ஊரே இல்ல சாமி” என்று அப்பா திருப்பித் திருப்பிச் சொன்னார். அவன் என் அப்பாவை நம்பினான். ஆனால் அவன் அம்மாவுக்கு அப்பாவைத் தெரியாதே.

தமிழ்நாட்டில் பீகார்காரர்களைக் கொல்கிறார்கள் என்று பரவிய வீடியோக்கள் பொய் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவிலேயே விளக்கினார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் பார்த்தது. வீடியோ போட்ட யூடியூபர் ஒருவர் கைதானார்.

நான் எழுதியது இந்த இடத்தோடு நின்றுவிட்டது: பொய் சொன்னது சமூக ஊடகம், திருத்தியது பத்திரிகையும் டிவியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியை இந்தி நாளிதழ்களும் அச்சடித்தன, ஒரு நாளிதழின் ஆசிரியர் மேல் தமிழ்நாடு போலீஸ் வழக்கே பதிந்தது. போனில் வந்ததைச் சந்தேகப்பட்டவர்கள்கூடப் பேப்பரில் பார்த்ததும் நம்பியிருப்பார்கள். போன், பேப்பர், பீகார் சட்டசபை, மறுபடி போன் என்று செய்தி ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. இதில் புதிய ஊடகம், பழைய ஊடகம் என்று கோடு கிழிப்பதுதான் முதல் பிழை.

இரண்டாவது பிழை, பொய் என்று தெரிந்ததும் பேனாவை மூடிவிடுவது. அந்தப் பொய் ஏன் அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது? அதற்கு முந்தின மாதம்தான் ஓடும் ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் திட்டி அடிக்கும் வீடியோ பரவி, ரயில்வே போலீஸ் அவரைக் கைது செய்தது. அது பொய்யில்லை. ஜனவரியில் எங்கள் ஊரிலேயே எதிர்த் திசையில் ஒரு வீடியோ ஓடியது. வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர் ஆட்களைத் துரத்துகிறார்கள். விசாரித்தால் டீக்கடையில் தொடங்கிய தகராறு. ஆனால் தமிழ்ப் பக்கங்களில் அது “பார், நம்மையே விரட்டுகிறார்கள்” என்று ஓடியது. ‘வடக்கன்’ என்று மீம் போட்டுச் சிரித்த அதே போன்கள்தான் இரண்டு மாதம் கழித்து “தமிழ்நாட்டைப் பற்றி எப்படியெல்லாம் பொய் சொல்கிறார்கள்” என்று கொதித்தன. என் போனும் அதில் ஒன்று. மீமை நான் உருவாக்கவில்லை, லைக் போட்டேன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

‘நல்ல விதமாக, கெட்ட விதமாக’ என்று எண்ணிக்கொண்டிருப்பது

சித்திரிப்பு என்றதும் ஒரு அட்டவணை போட்டு இத்தனை நேர்மறை, இத்தனை எதிர்மறை என்று எண்ணுவது பலருக்குப் பழக்கம். மார்க் கிடைக்கும், விஷயம் கிடைக்காது. அந்த மார்ச் மாதம் தமிழ்ச் சேனல்களில் தொழிலாளர்களைப் பற்றி நல்லதாகத்தான் நிறைய வந்தது. கவனித்துப் பார்த்தால் பேசுவதெல்லாம் முதலாளிகள், அதிகாரிகள். தொழிலாளி வந்தால் கும்பலாக, சிரித்துக்கொண்டு, “இங்கே பிரச்சினை இல்லை” என்று ஒரே வரி. அந்தப் பேட்டியின்போது ஓனர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று அட்டவணையில் ஒரு கட்டம் போட முடியுமா?

தன் ஃபீடை ஊர் என்று நினைப்பது

இது சின்னது. “எல்லோரும் இதைத்தான் பேசினார்கள்” என்று எழுதியிருந்தேன். என் ஃபீடில், அதாவது ஆப்பைத் திறந்ததும் எனக்கு வரும் பதிவுகளில், எல்லோரும். அடுத்த பெஞ்ச் தோழியின் போனை வாங்கிப் பார்த்தால் ஒரு வாரமாகக் கிரிக்கெட்டும் புடவையும்தான் ஓடியிருக்கிறது.

தன்னை மட்டும் தவிர்த்து எழுதுவது

1983-ல் டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரையில் சொன்னதை வகுப்பில் படித்திருந்தோம். ஊடகம் என்னைவிட மற்றவர்களை அதிகம் பாதிக்கிறது என்றே மனிதர்கள் நினைக்கிறார்கள். ‘மூன்றாம் நபர் விளைவு’ என்பார்கள். தேர்வில் ஐந்து மார்க் கேள்வி, மனப்பாடமாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் பன்னிரண்டு பக்கத்திலும் “மக்கள்”, “அவர்கள்”, “பாமரர்கள்” என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். ‘நான்’ என்ற சொல் நன்றியுரையில் மட்டும்.

திருத்தி எழுதும்போது ஒரு வரியை மாற்றினேன். 2018-ல் நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மாவின் போனில் வந்த பிள்ளை பிடிக்கிற ஆடியோவை ‘நம்ம குடும்பம்’ குரூப்பில் போட்டது அம்மா இல்லை, நான். முப்பத்தேழு பேர் இருந்தார்கள். “மக்கள் பரப்பினார்கள்” என்பதை அடித்துவிட்டு இதை எழுதினேன்.

மேடம் படித்துவிட்டு, “சரிம்மா, அப்புறம் அந்த முப்பத்தேழு பேர் என்ன செஞ்சாங்க?” என்று கேட்டார். அந்தப் போன் எப்போதோ போய்விட்டது, அரட்டையும் அதோடு போச்சு. வீட்டுக்குப் போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். பலருக்கு ஞாபகமே இல்லை. பெரியம்மா மட்டும் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அந்த வாரம் வளையல்காரர் வந்தாருடி கண்ணு. வருஷக்கணக்கா வர்ற மனுசன். அன்னிக்கு நான் கேட்டைத் தெறக்கல. ஜன்னல்ல இருந்து போங்கன்னுட்டேன்.” அதற்கப்புறம் அவர் எங்கள் தெருப் பக்கம் வரவில்லையாம்.