ஜெர்மனியில் தபால் பெயரைப் பார்த்துத்தான் வரும்

ஜெர்மனிக்கு வந்து இறங்கியதும் அன்மெல்டுங் (அதாவது முகவரிப் பதிவு), வங்கிக் கணக்கு, காப்பீடு, சிம் கார்டு என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். காலிங் பெல்லில் பெயர் ஒட்டச் சொல்லி யாரும் எழுதித் தருவதில்லை. சொன்னாலும் நம்மவர்கள் காதில் விழாது. நம் ஊரில் கதவு எண், மாடி, தெரு, பின்கோடு எழுதினால் வேலை முடிந்தது. சந்தேகம் இருந்தால் பிள்ளையார் கோவில் எதிரில் என்று ஒரு வரி சேர்ப்போம். அதுவும் புரியாவிட்டால் கொரியர் தம்பி போன் செய்து, 'அண்ணா, எந்த வீடு?' என்று கேட்டுவிடுவான்.

இங்கே யாரும் போன் செய்ய மாட்டார்கள். பெரும்பாலான அடுக்குமாடிக் கட்டடங்களில் முகவரிக்கென்று வீட்டு எண்ணே கிடையாது. தெரு, கட்டட எண், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, ஊர், அவ்வளவுதான். ஒரே கட்டடத்தில் இருபது குடும்பம் இருந்தால் இருபதுக்கும் அதே முகவரி. யார் எங்கே என்று பிரித்துக் காட்டுவது தபால் பெட்டியிலும் பெல்லிலும் ஒட்டியிருக்கிற பெயர் மட்டுமே. அந்தப் பெயர் இல்லையென்றால், பதிவு அலுவலகத்தின் கணக்கில் நீங்கள் இருந்தாலும் தபால்காரரின் கணக்கில் இல்லை.

அலுவலக வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் எங்கும் கிடைக்கும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங் செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் வேண்டும். அதன் பிறகு பதினோரு இலக்க வரி எண் தபாலில் வரும். வங்கிக் கார்டு ஒரு கடிதத்தில், அதன் ரகசிய 'பின்' (PIN) எண் வேறொரு கடிதத்தில் வரும். காப்பீட்டு அட்டையும் தபாலில்தான். இவ்வளவு முன்னேறிய நாட்டில் எல்லாவற்றுக்கும் காகிதமா என்று எரிச்சல் வரும். வரட்டும், அதனால் எதுவும் மாறாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பன் ஒருவன், சரவணன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் கிவன் நேம் சரவணன், சர்நேம் பழனிசாமி. பழனிசாமி அவன் அப்பா. ஸ்டுட்கார்ட்டில் வீடு கிடைத்த அன்றே வெள்ளைத் தாளில் ஆங்கில எழுத்தில் 'சரவணன்' என்று அழகாக எழுதிப் பெட்டியில் ஒட்டிவிட்டான். ஆபீசில் அவனுக்கு அதுதான் பெயர், அம்மா கூப்பிடுவதும் அதுதான். ஆனால் வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் அவன் 'ஹெர் பழனிசாமி', அதாவது திரு. பழனிசாமி. உறை மேல் 'எஸ். பழனிசாமி' என்றுதான் அச்சாகும். அந்தக் கட்டடத்தில் பழனிசாமி என்று ஒருவரும் இல்லை. கார்டு வந்தது, திரும்பிப் போனது. பின் எண் வந்தது, அதுவும் திரும்பிப் போனது.

இதற்கு மேல் வங்கி செய்ததுதான் அழகு. உங்கள் முகவரி சரிதானா என்று கேட்டு ஒரு கடிதம் அனுப்பியது. எந்த முகவரிக்கு? அதே முகவரிக்கு. அதுவும் திரும்பியது. ஆள் அங்கே இல்லை என்று முடிவுகட்டி, கணக்கை முடக்கிவிட்டார்கள். அவனிடம் இருக்கும் மின்னஞ்சலுக்கோ கைபேசிக்கோ ஒரு வார்த்தை வரவில்லை. மாதக் கடைசியில் எனக்குப் போன்: "மச்சான், சம்பளம் போட்டாச்சுங்கிறாங்க, இங்க ஒண்ணும் வரலடா." போட்ட சம்பளம் கம்பெனிக்கே திரும்பிப் போயிருந்தது. வரி எண் கடிதமும் வந்து சேராததால், அந்தச் சம்பளத்தையும் ஆறாம் வரி வகுப்பில் கணக்குப் போட்டிருந்தார்கள். இருப்பதிலேயே அதிகமாகப் பிடிக்கும் வகுப்பு அது. பிடித்த வரி பிற்பாடு சரிசெய்யப்பட்டு வந்துவிடும். வந்த முதல் மாதமே வாடகை தாமதமானால் வீட்டுக்காரர் மனதில் விழும் கீறல் அவ்வளவு சுலபத்தில் போகாது.

அவனோடு ஒரு காலை வாசலில் நின்று தபால்காரம்மாவைப் பிடித்தோம். மஞ்சள் வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, இடது கையில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டோடு உள்ளே வந்தார். வலது கை ஆள்காட்டி விரல் பெட்டிகளின் மேல் ஓடுகிறது. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் செருகிய அச்சுச் சீட்டுகள், அதன் மேல் டேப் போட்டு ஒட்டிய துண்டுக் காகிதங்கள், யாரோ பழைய வாடகைக்காரரின் பாதி கிழிந்த பெயர். ஒரு பெயருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, கடிதம் உள்ளே விழுகிறது. எங்கள் உடைந்த ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னோம். கோபப்படாமல் சொன்னார்: "இரண்டு பெயர் ஒட்டினால் இரண்டுக்கும் போடுவேன். ஒட்டாத பெயரை நான் எங்கே போய்த் தேடுவது?" அவரைக் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. குறை சொல்ல வேண்டுமென்றால், அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட வைத்த பாஸ்போர்ட் படிவத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, சாவி கையில் வாங்கிய அன்றே செய்ய வேண்டியது இது. விசா ஸ்டிக்கரை எடுத்து, அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். அன்மெல்டுங் சான்றிதழ் கைக்கு வந்ததும் அதோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களை யாரும் அப்படிக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. கூப்பிடும் பெயரையும் பக்கத்திலேயே போடுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக உள்ளவர்களுக்கு இங்கே என்ன பெயரை ஏற்றியிருக்கிறார்கள் என்பது அந்தச் சான்றிதழைப் பார்த்தால்தான் தெரியும், ஊகம் வேண்டாம். இனிஷியல் மட்டும் போடுவது வீண் வேலை.

தமிழ்க் குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கணவனின் சர்நேம் அவன் அப்பா பெயர், மனைவியின் சர்நேம் அவள் அப்பா பெயர் அல்லது கணவன் பெயர், குழந்தையின் சர்நேம் அதன் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கூட வந்துவிடும். ஜெர்மானியருக்கு இது மூன்று தனித்தனி ஆட்கள் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகத்தான் தெரியும். மூன்றையும் ஒட்டுங்கள். இடம் போதவில்லை என்று குழந்தையின் பெயரை விட்டுவிடாதீர்கள், அவளுக்கும் வரி எண்ணும் காப்பீட்டு அட்டையும் அவள் பெயரில்தான் வரும்.

பெயர் இரண்டு இடத்தில் வேண்டும். கடிதம் கொண்டுவருபவர் பெட்டியைப் பார்ப்பார், பார்சல் கொண்டுவருபவர் தெருக்கதவில் உள்ள பெல்லைப் பார்ப்பார். இருவரும் வேறு வேறு ஆட்கள், பல நேரம் வேறு வேறு கம்பெனி. முறைப்படி பெயர்ச்சீட்டு மாற்றுவது வீட்டு நிர்வாகத்தின் வேலை. அவர்கள் வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும், அதுவரை நீங்களே அச்சடித்து டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வேறொருவர் பெயரில் உள்ள வீட்டில் அறை எடுத்துத் தங்கினால், நம் ஊரில் மே/பா போடுவோமே, அதே மாதிரி முதன்மை வாடகைக்காரரின் பெயரை முகவரியில் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் அது தற்காலிகம்தான். பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டவே கூடாது என்று அறை கொடுப்பவர் அடம்பிடித்தால் எனக்கு அந்த அறை மேலேயே சந்தேகம் வரும்.

பழைய குடித்தனக்காரருக்கு வரும் கடிதங்களைப் பிரிக்காதீர்கள், அடுத்தவர் தபாலைப் பிரிப்பது இங்கே குற்றம். இந்த ஆள் இங்கே இல்லை என்று உறை மேல் ஜெர்மனில் எழுதி, தெருவில் உள்ள மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டால் போதும்.

சரி, கடிதம் வராவிட்டால் இவ்வளவு பதற வேண்டுமா? வேண்டும். அரசு அலுவலகம் சாதாரணத் தபாலில் அனுப்பும் ஆணை, தபாலில் சேர்த்த நான்காம் நாள் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகவே கணக்கு. 2024 வரை இது மூன்று நாளாக இருந்தது, 2025இல் நான்காக்கினார்கள். வரவே இல்லை என்று வாதாட வழி உண்டு, ஆனால் அந்த வாதத்தை ஜெர்மனில் யார் செய்வது? மஞ்சள் உறையில் வருவது இன்னும் கனமான சங்கதி. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பெட்டியில் போட்டாலே கொடுத்ததாக ஆகிவிடும். உறை மேல் கொண்டுவந்தவர் தேதி எழுதியிருப்பார். அபராத ஆணையாக இருந்தால் அந்தத் தேதியிலிருந்து இரண்டு வாரம்தான் ஆட்சேபிக்க அவகாசம். ஊருக்குப் போகும்போது பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கடிதங்கள் தொடர்ந்து திரும்பிப் போனால், இவர் இங்கே வசிக்கவில்லை என்று பதிவு அலுவலகமே உங்கள் பெயரை நீக்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம் மீறி எப்படியும் வந்துவிடுவது ஒன்று உண்டு, வானொலி தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம். மாதம் 18.36 யூரோ, ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம், டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். அறைத்தோழர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி அனுப்புங்கள். குப்பையில் போட்டால் அது போகாது, பெருகும்.

பார்சல் கதை வேறு. இதில் உங்கள் பெயர் சரியாக இருந்தாலும் ஏமாற்றம் உண்டு. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள், பெல் அடிக்காது, சாயங்காலம் போனில் 'வீட்டில் ஆள் இல்லை' என்று செய்தி வரும். லிஃப்ட் இல்லாத நான்காம் மாடியில் குடியிருப்பவர்கள் இதைப் பழகிக்கொள்ள வேண்டும். அந்த ஓட்டுநரின் ஒரு நாள் சுமையைப் பார்த்தால் பாதிக் கோபம் போய்விடும், மீதிப் பாதி எனக்கு இன்னும் இருக்கிறது. வராத பார்சல் பக்கத்து வீட்டில் இருக்கலாம், ஒரு கடையில் இருக்கலாம். ஒரு வாரம் போல வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாங்கப் போகும்போது பாஸ்போர்ட்டோ குடியிருப்பு பெர்மிட் அட்டையோ கையில் வேண்டும். மனைவி பெயரில் வந்ததைக் கணவன் வாங்கப் போனால், சர்நேம் வேறு என்பதால் கவுன்டரில் உதட்டைப் பிதுக்குவார்கள். அறிவிப்புச் சீட்டின் பின்பக்கம் அதிகாரம் கொடுக்க இடம் இருக்கும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.

எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்துப் பாட்டி ஒருவர்தான் மொத்த வீடுகளுக்கும் தபால் நிலையம். எல்லோருடைய பார்சலும் அவர் வீட்டு நடையில்தான் அடுக்கியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஒரு சாக்லேட் பெட்டியோடு போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். என் ஜெர்மன் தேறியது வகுப்பில் பாதி, அந்தச் சோபாவில் பாதி.

நான் எல்லோருக்கும் சொல்வது பாக்ஸ்டேஷன். டிஹெச்எல் என்ற பார்சல் கம்பெனி வைத்திருக்கும் மஞ்சள் அலமாரி, தெருமுனையிலும் சூப்பர்மார்க்கெட் வாசலிலும் பார்க்கலாம். பதிவு செய்து வாடிக்கையாளர் எண் வாங்கிக்கொண்டால், முகவரியாக அந்த எண்ணையும் அலமாரியின் எண்ணையும் கொடுக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கும் போய் எடுக்கலாம். ஆனால் மற்ற கொரியர்கள் அதில் கொண்டுவந்து போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆர்டர் செய்யும்போதே யார் கொண்டுவருகிறார்கள் என்று பாருங்கள். 'வாசலில் வைத்துவிட்டுப் போகலாம்' என்ற அனுமதியை மட்டும் யோசிக்காமல் தட்டிவிட வேண்டாம். அங்கே வைத்தாலே ஒப்படைத்ததாக ஆகிவிடும், காணாமல் போனால் உங்கள் பாடு. அந்த அனுமதி கொடுக்காதவரை, கடையில் வாங்கிய பொருள் உங்களிடம் வந்து சேரும் மட்டும் பொறுப்பு விற்றவருடையது. கொரியரிடம் கேளுங்கள் என்று கடைக்காரர் கைகழுவினால் விடாதீர்கள், தேடிக் கண்டுபிடிப்பது அவர் வேலை. போக்குவரத்துக் கம்பெனி மேல் புகார் என்றால் தபால் துறையைக் கண்காணிக்கும், பொன் (Bonn) நகரில் இருக்கும் கூட்டாட்சி வலையமைப்பு ஆணையத்தில் செய்யலாம். உங்கள் பார்சல் அதனால் வராது, ஆனால் அந்த ஏரியாவின் கணக்கில் ஏறும்.

வீடு மாறும்போது டாய்ச்சே போஸ்ட் என்ற ஜெர்மன் தபால் கம்பெனியில் காசு கட்டினால் பழைய முகவரிக் கடிதங்களைப் புது வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். மாறுவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். வேறு தபால் கம்பெனி வழியாக வருவது இதில் அடங்காது, அதனால் வங்கிக்கும் காப்பீட்டுக்கும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். புது வீட்டுப் பெட்டியிலும் முதல் நாளே பெயர், இதை மறுபடி சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் பார்சல். தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்பு வரை வரியில்லாமல் வரும். உள்ளே என்ன, எவ்வளவு மதிப்பு என்று வெளியே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுங்க அலுவலகத்துக்கு நீங்களே போய், அதிகாரி முன்னால் பெட்டியைப் பிரித்து, கருவாட்டுக் குழம்புப் பொடி என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கும். அம்மாக்கள் பொடிக்கு நடுவில் செருகும் சில பொருள்கள் வரவே வராது. பால், இறைச்சி சேர்ந்த எதற்கும் அனுமதி இல்லை, பால்கோவா, நெய் எல்லாம் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். மாத்திரை மருந்துகளைத் தபாலில் வரவழைக்கவே கூடாது, கொண்டுவருவதென்றால் நீங்கள் வரும்போது பெட்டியில் கொண்டுவாருங்கள். பெறுபவர் பெயரில் அம்மா வீட்டுச் செல்லப் பெயரை எழுதிவிடப் போகிறார், பாஸ்போர்ட் பெயரை முன்கூட்டியே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். நெய்க்கு மட்டும் கவலை வேண்டாம், இங்கே கிடைக்கும் உப்பில்லாத வெண்ணெயை வாங்கி உருக்கினால் நன்றாகவே வருகிறது.