சோர்ஸுக்கு வாக்குக் கொடுக்கும் முன்

போன மாதம் ஒரு இளம் நிருபர் தன் சோர்ஸிடம், அதாவது ரகசியமாகச் செய்தி தருபவரிடம், போனில் பேசியது காதில் விழுந்தது. "பயப்படாதீங்க சார், உங்க பேரைச் சொல்லச் சொல்லி எங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டமே இருக்கு." இருபது வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தைகள். செய்தியில் பெயரைப் போடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அதைத் தாண்டி சோர்ஸைச் சிக்கவைக்கும் தவறுகள் இவை.

இல்லாத சட்டத்தை நம்புவது

அவர் மனதில் இருந்தது 1978ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு. செய்தி எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி பத்திரிகையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அது, பத்திரிகைகள் மீதான புகார்களைப் பார்க்கும் அமைப்பான பிரஸ் கவுன்சில் நடத்தும் விசாரணைக்கு மட்டும். போலீஸிடமோ நீதிமன்றத்திலோ செல்லாது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, நம்மிடம் சொன்னதற்கு இல்லை. நமக்கும் ஒரு பிரிவு வேண்டும் என்று சட்ட ஆணையம் 1983இலேயே, தன் 93ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அதைச் சேர்க்கவில்லை.

பெகாசஸ் என்ற உளவு மென்பொருளால் போன்களை வேவு பார்த்ததாக எழுந்த வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சோர்ஸைப் பாதுகாப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படைத் தேவைகளில் ஒன்று என்றது. அது நமக்குப் பெரிய பலம். ஆனாலும் 2023 ஜனவரியில் டெல்லி சிபிஐ நீதிமன்றம் ஒன்று, சோர்ஸைச் சொல்வதிலிருந்து பத்திரிகையாளருக்குச் சட்டப்படி விலக்கு இல்லை என்று சொல்லிவிட்டது.

15(2) எதுவரை செல்லும் என்று தெரியாமல்தான் அன்று ஓர் அலுவலக உதவியாளருக்கு வாக்குக் கொடுத்தேன். டெண்டர் கோப்பின் நகலைத் தந்தார். செய்தி வந்த மூன்றாவது வாரம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். 15(2) என்றேன். "அதைக் கவுன்சில்ல போய்ச் சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். நான் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலையில் போலீஸும் இல்லை. சட்டம் இருக்கிறது என்ற என் பேச்சை நம்பி, அந்த உதவியாளர் அலுவலக போனிலிருந்தே என்னிடம் பேசியிருந்தார். அந்த அழைப்புப் பட்டியலே போதுமாக இருந்தது. அவரை வேறு மாவட்டத்துக்குத் தூக்கி அடித்தார்கள், பதவி உயர்வும் நின்றது. பயந்திருந்தால் தப்பித்திருப்பார். அந்தப் பயத்தைப் போக்கியவன் நான்.

என் வாயிலிருந்து பெயர் வராது என்று மட்டும் சொல்லுங்கள். அதுவும் சிறைக்குப் போகத் தயார் என்றால்.

ஆவணத்தை அப்படியே காட்டுவது

முத்திரை, பக்க எண், ஓரத்தில் பேனாக் குறிப்பு, இவையெல்லாம் அது எந்த மேசையின் நகல் என்று சொல்லிவிடும். 2017இல் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவின் ஆவணம் ஒன்றை, உண்மைதானா என்று கேட்டு ஒரு செய்தி நிறுவனம் அரசுக்கே காட்டியது. தாளில் மடிப்பு இருந்தது. அச்சிட்டு வெளியே போயிருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். அதை அச்சிட்டவர்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவரான, அதை அனுப்பிய ரியாலிட்டி வின்னர் சிக்கினார்.

எல்லாம் ஒரே போனில்

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 94ஆம் பிரிவில் போலீஸ் போனையே கேட்கலாம். நோட்டீஸ் வந்த பிறகு அதில் இருப்பதை அழித்தால் அது தனிக் குற்றம்.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போவது

வக்கீலோடு போங்கள்.