பிள்ளைகளோடு ஈஸ்டர் பன் சுடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மாவு எழும்பச் செய்முறையில் போட்டிருந்த நேரத்தை அப்படியே வைத்தேனே, பன் ஏன் சப்பையாகப் போனது?” பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் என்னிடம் வரும் கேள்வி இதுதான். அந்த நேரம் நமக்காக எழுதியதே இல்லை. ஈஸ்டருக்குச் சுடுகிற, மேலே சிலுவைக் கோடு போட்ட இந்த ஹாட் கிராஸ் பன் இங்கிலாந்திலிருந்து வந்த பண்டம், அங்கே ஈஸ்டர் என்றால் வசந்தம் இப்போதுதான் எட்டிப் பார்க்கும், வீட்டுக்குள் குளிர் இருக்கும், அதனால் “வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம்” என்று எழுதுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நமக்கு ஈஸ்டர் கோடை முடிந்த கையோடு வருகிறது. டர்பன் பக்கம் மார்ச், ஏப்ரலில் பகலில் 26, 27 டிகிரி, காற்றில் ஈரம் வேறு. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பக்கம் குழம்பு கொதிக்கிற அடுப்படியில் மாவை ஒன்றரை மணி நேரம் விட்டால் அது பொங்கித் தளர்ந்து, மூடியைத் திறந்ததும் கள் வாடை அடிக்கும்.

கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். 40 நிமிஷத்திலேயே இரண்டு மடங்காகி இருக்கலாம். விரலில் கொஞ்சம் மாவு தொட்டு லேசாக அழுத்துங்கள். குழி உடனே நிமிர்ந்தால் இன்னும் நேரம் வேண்டும், மெதுவாகப் பாதி நிமிர்ந்தால் சரியான பதம், குழி அப்படியே நின்றுவிட்டால் எல்லை தாண்டிவிட்டது. முதல் தடவை எழும்பும்போது அப்படி ஆனால் பயப்பட வேண்டாம், அமுக்கிக் காற்றை எடுத்து உருட்டி, இரண்டாவது தடவை எழும்பும்போது சீக்கிரம் கவனியுங்கள். ஈஸ்டையும் குறைக்கலாம்: நம் கடைகளில் கிடைக்கும் 10 கிராம் பாக்கெட் 500 கிராம் மாவுக்குத் தாராளம், சூடான நாளில் முக்கால் பாக்கெட் போதும். ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்குக் குளிர் கூடுதல்தான், ஆனால் ஊர் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கேயும் மாவு நினைத்ததைவிட வேகமாக எழும்பும். காற்று வறண்டது, பால் ஒரு கரண்டி கூட ஊற்றுங்கள்.

பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. 55, 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துப்போகும், கை விரல் சுகமாகத் தாங்கும் சூடு போதும். பேக்கிங் பவுடர் கலந்தே வரும் செல்ஃப் ரைசிங் மாவும் வேண்டாம். பிரெட் மாவு நல்லது, கேக் மாவுதான் வீட்டில் இருக்கிறது என்றால் பத்து நிமிஷம் நன்றாகப் பிசைந்தால் ஒப்பேறும்.

மசாலா விஷயத்தில் நம் கை கொஞ்சம் தாராளம். கறிக்குப் போடுகிற பழக்கத்தில் பட்டையை அள்ளிப் போட்டுவிடுகிறோம். பட்டையின் வாசத்தைத் தருகிற அந்தச் சத்துதான் ஈஸ்டை மந்தமாக்கும், அதிலும் வீட்டில் புதிதாக இடித்த பட்டைக்குக் காரம் அதிகம். 500 கிராம் மாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பட்டைத்தூள், ஜாதிக்காய் கால் டீஸ்பூன், கிராம்பு ஒரு சிட்டிகை, இதுவே வீடு முழுக்க மணக்கும். ஏலக்காய் பிடித்தால் சேருங்கள், எனக்கு அது இல்லாமல் ஈஸ்டரே இல்லை. உலர் திராட்சையைக் காய்ந்தபடியே போட்டால் மாவிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால் வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, துணியில் ஒற்றி, பிசைந்து முடித்த பிறகு சேருங்கள்.

அப்புறம் பிள்ளைகள். அவர்களை மேசைக்கு அழைக்காமல் ஈஸ்டர் பன் சுடுவதில் எனக்குச் சந்தோஷமே இல்லை, முயல், ஆமை, கோழிக்குஞ்சு என்று அவர்கள் உருட்டுவதைப் பார்க்கத்தான் இந்தப் பாடெல்லாம். ஆனால் நாம் பத்து நிமிஷத்தில் முடிப்பதற்கு அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், கடைசி முயலுக்குக் காது வைக்கும்போது முதல் ஆமை உப்பி ஓய்ந்திருக்கும். பாதி மாவை ஃப்ரிட்ஜில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுங்கள். கையில் ஒட்டுகிறது என்று அவர்கள் மேசையில் உலர்ந்த மாவைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள், அது உள்ளே போய்ப் பன் கல்லாகிவிடும். மாவுக்குப் பதில் உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிவிடுங்கள்.

முயல் காதைத் தனியாகத் திரித்து ஒட்டினால் அது கருகும்போது உடம்பு வேகாமல் இருக்கும். நீள்வட்டமாக உருட்டி, கத்தரிக்கோலால் மேலே சாய்வாக இரண்டு வெட்டு வெட்டித் தூக்கிவிட்டால் காது உடம்போடு சேர்ந்தே நிற்கும், பிள்ளைகளுக்கும் அந்த வெட்டு ரொம்பப் பிடிக்கும். கண்ணுக்கு வைக்கும் திராட்சையை உருட்டியதும் வைத்தால் மாவு எழும்பும்போது வெளியே தள்ளிவிடும். அடுப்பில் வைக்கப்போகும் நேரத்தில், குச்சியால் ஆழமாகக் குழி போட்டு அமுக்குங்கள். முட்டை பூசும்போது அடியில் வழிந்து தேங்கினால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

சிலுவைக்கு ஐசிங்கை முதலிலேயே போட்டால் அடுப்பில் உருகி ஓடிவிடும். மைதாவையும் தண்ணீரையும் தோசை மாவைவிடக் கெட்டியாகக் கலந்து, பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டிக் கோடு போடுங்கள்.

ஓவனைச் சூடாக்க மறப்பதும் நம் ஊரில் பெரிய தவறு. பன் இரண்டாவது முறை எழும்ப அரை மணி நேரம்கூட ஆகாது, ஓவன் ஆறிக் கிடந்தால் காத்திருக்கும் நேரத்தில் பன் அமுங்கிவிடும். உருட்டி முடிந்ததும் ஓவனை 200 டிகிரியில் போட்டுவிடுங்கள். பன் எழும்பியதும் உள்ளே வைத்தால் 15 முதல் 20 நிமிஷம், அடியைத் தட்டினால் வெற்று டப்பா மாதிரி சத்தம் கேட்க வேண்டும். எடுத்த சூட்டோடு, கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கிய ஆப்ரிகாட் ஜாமைப் பூசுங்கள், ஆறின பிறகு பூசினால் பளபளப்பே வராது.

பெரிய வெள்ளி காலையில்தான் சுட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பெரிய வெள்ளிக்கான ஊறுகாய் மீனை நாலு நாள் முன்னாலேயே செய்து வைக்கிறோமே, அதேபோல் வியாழன் சாயங்காலம் சுட்டு, நன்றாக ஆறவிட்டு டப்பாவில் மூடுங்கள். சூடு இருக்கும்போதே மூடினால் வேர்த்து, மறுநாள் மேல்பக்கம் பிசுபிசுக்கும். மூன்று மணி ஆராதனை முடிந்து வந்ததும் ஐந்து நிமிஷம் ஓவனில் காட்டி, நடுவில் பிளந்து வெண்ணெய் தடவிக் கொடுங்கள், யார் செய்த முயல் யாருக்கு என்று பிள்ளைகளே பிரித்துக்கொள்வார்கள்.