தரங்கம்பாடிக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள்

மயிலாடுதுறையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, வெயில் ஏறுமுன் தரங்கம்பாடி போய்விடுங்கள். கிழக்குக் கடற்கரை என்பதால் கடலுக்கு மேலேயே சூரியன் எழும்பும். படகுகள் கரை சேரும் நேரத்தில் வலையில் சிக்கிய நண்டை, கால் ஒடியாமல் விரலால் சுழற்றி எடுப்பார்கள். நின்று பார்க்க வேண்டிய கைவேலை. உலர்த்திய வலையை மட்டும் மிதிக்காதீர்கள், படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிறகு அலையோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது, பார்க்கவே மனசு கனக்கும். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள். குடிதண்ணீரும் தொப்பியும் அவசியம். நேரமிருந்தால் வடக்கே பூம்புகார்.