பளபளப்புக்குப் பின்னால் தங்கும் சேறு: கார்ச் சக்கரத்தையும் வீல் ஆர்ச்சையும் கழுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு வாசலில் கார் கழுவுகிறவர்களில் பலர் கூரையில் தொடங்கி, கண்ணாடி, கதவு, பானெட் என்று இறங்கி வந்து, கடைசியில் வாளியில் மிஞ்சிய கலங்கல் தண்ணீரையும் நைந்துபோன துணியையும் சக்கரத்துக்கு ஒதுக்குகிறார்கள். வேறு சிலர் சக்கரம் கண்ணாடிபோல் ஆகிவிட வேண்டும் என்ற ஆசையில், வீட்டில் கிடைக்கிற காட்டமான திரவத்தையெல்லாம் அதன்மேல் ஊற்றுகிறார்கள். இரு தரப்பினரும் கவனிக்கத் தவறுவது ஒன்றைத்தான். வண்டியை அரிக்கிற அழுக்கு நம் கண்ணுக்கு நேராக இருப்பதில்லை. அது சக்கரத்தின் உட்புறத்திலும், சக்கரத்துக்கு மேலே கவிந்திருக்கும் வீல் ஆர்ச்சின் விளிம்புகளிலும்தான் தங்குகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு சக்கரத்தையும் ஒரு மட்கார்டையும் நான் கெடுத்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சக்கரத்தில் படியும் கறுப்பு வெறும் சாலைப் புழுதி என்று நினைப்பதிலிருந்தே தவறு தொடங்கிவிடுகிறது. பிரேக்கை மிதிக்கும்போது பேட் என்ற உராய்வுக் கட்டை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தட்டை அழுத்திப் பிடிக்கிறது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, சூடான நுண்துகளாகப் பறக்கின்றன. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது என்பதால் அந்தத் தூளில் இரும்பு கலந்திருக்கும். சூட்டோடு வந்து ஒட்டும் அந்தத் தூள் ஈரம் பட்டதும் துருப்பிடித்து, சக்கரத்தின் வார்னிஷ் பூச்சில் பழுப்புப் புள்ளிகளாகப் பதிந்துகொள்கிறது. நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் மூடிய உருளைக்குள் ஷூ அழுத்தும் டிரம் பிரேக். பிரேக் பிடிக்கையில் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்கே வேலை அதிகம். முன் சக்கரம் எப்போதும் பின் சக்கரத்தைவிடக் கறுத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தத் தூளைக் காய்ந்த நிலையில் பிரஷ்ஷால் தட்டுவதும், கம்ப்ரசர் காற்றை அடித்து ஊதுவதும் கூடாது. ஊதினால் அது நேராக நம் மூச்சுக்குள்தான் போகும். பழைய வகை பிரேக் பேட்களில் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் நார் சேர்க்கப்பட்டதும் உண்டு. நன்றாக நனைத்த பிறகே சக்கரத்தில் கை வைக்க வேண்டும்.

அமிலம் என்னும் குறுக்குவழி

கழிப்பறை கழுவுவதற்கென்று கடைகளில் விற்கும் திரவங்கள் பலவற்றில் ஏறத்தாழ 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதைச் சக்கரத்தில் ஊற்றினால் கறை போகும் என்பது உண்மைதான். போவது கறை மட்டுமல்ல என்பதுதான் பிரச்சினை. அலாய் சக்கரம் என்பது அலுமினியக் கலவை. அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். ஆகவே ஆசிட்டை விட்டுவிட்டுத் துணி துவைக்கும் பவுடருக்கோ சலவைச் சோடாவுக்கோ மாறுவதும் தீர்வாகாது. உலோகத்துக்கும் இவற்றுக்கும் நடுவே இருப்பது மெல்லிய பெயின்ட்டும் அதன்மேல் பூசிய வார்னிஷும்தான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நானே இதைச் செய்திருக்கிறேன். ஊற்றிய அரை நிமிடத்தில் நுரை பொங்கியது, கறுப்பு வழிந்தோடியது, சக்கரம் கடையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் ஆனது. அடுத்தடுத்து மூன்று நான்கு முறை அப்படியே கழுவிய பிறகு, வீல் நட் இருக்கும் குழிகளைச் சுற்றி வெள்ளையாக மங்கத் தொடங்கியது. நடைபாதை ஓரக் கல்லில் உரசி வார்னிஷ் பெயர்ந்திருந்த ஓரிடத்திலிருந்து, பூச்சுக்கு அடியில் நூல் இழை போன்ற வெண்கோடு ஒன்று புறப்பட்டது. ஈர மண்ணில் புழு ஊர்ந்த தடத்தைப்போல் அது வளைந்து வளைந்து மழைக்கு மழை நீண்டது. உடைந்த வார்னிஷ் வழியே ஈரம் புகுந்து உள்ளே அலுமினியத்தை அரித்துக்கொண்டே போவதன் அடையாளம் அது. மேலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பூச்சை முழுவதும் சுரண்டி எடுத்து மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

நாட்பட்ட பிரேக் தூளுக்கு, இரும்புத் துகளை மட்டும் பிடித்துக் கரைக்கும் அமிலமற்ற திரவங்கள் இப்போது கார் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் என்ற சேர்மம் இருக்கும். தெளித்த சில நிமிடங்களில் இரும்போடு சேர்ந்து ஊதாச் சிவப்பாக மாறி வழியும். நாற்றம் தாங்க முடியாததாக இருக்கும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது. இதையும் காயவிடக் கூடாது. டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரத்துக்குள் கழுவிவிட வேண்டும். மாதம் இருமுறையாவது கார் ஷாம்பூ போட்டுக் கழுவுகிற சக்கரத்துக்கு, ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் இது தேவைப்படாது.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையும் கம்பி நாரையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவை சக்கரத்தின் பக்கமே வரக் கூடாது. மென்மையான பிரஷ், நட் குழிகளுக்கு ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ், உட்புறத்துக்குக் குழந்தைகளின் பால்புட்டி கழுவுவதுபோன்ற நீளமான பிரஷ், இவ்வளவு போதும். இரும்புச் சக்கரமும் பிளாஸ்டிக் வீல் கப்பும் உள்ள வண்டியானால் கப்பைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூடக் கழற்றாத கப்புக்குப் பின்னால் எவ்வளவு துரு இருக்கிறது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

சூடும் வரிசையும்

வெளியூர் போய்வந்த கையோடு, சக்கரம் கொதிக்கும்போதே தண்ணீர் அடிப்பது மிகப் பரவலான பழக்கம். கடும் சூட்டில் இருக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த நீர் திடீரென்று பட்டால் அது கோணிப்போக வாய்ப்புண்டு. பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் காலில் அதிர்வு தெரியும். அப்படி ஆகாவிட்டாலும், சூட்டில் ஷாம்பூ உடனே காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். முதல் துளி பட்டதும் சுர்ரென்று ஆவி எழும்பினால் அது கழுவும் நேரமல்ல. டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். புறங்கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோனாலே வெப்பம் தெரிந்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன், இரவு முழுவதும் நின்ற வண்டியைக் கழுவுவதே நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்றது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், ஒரு சக்கரத்தைக் கழுவி உடனே துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நான்கையும் கழுவிவிட்டுத் துடைக்கலாம் என்று காத்திருந்தால் முதல் சக்கரத்தில் வெள்ளைப் புள்ளிகள் இறுகியிருக்கும்.

கழுவும் வரிசையைப் பொறுத்தவரை முதலில் வீல் ஆர்ச், அடுத்து சக்கரம், கடைசியில்தான் வண்டியின் உடல். மாற்றிச் செய்தால் கழுவிய கதவின் கீழ்ப்பகுதியில் மறுபடி சேறு தெறிக்கும். சக்கரத்துக்கென்று தனி வாளியும் தனித் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புத்தூளும் மணலும் ஏறிய துணி பெயின்ட்டில் பட்டால் அது உப்புத்தாள் செய்கிற வேலையைச் செய்யும்.

யாரும் எட்டிப் பார்க்காத வளைவு

இந்தக் கட்டுரை எழுதுவதற்கே காரணமான இடத்துக்கு வந்திருக்கிறேன். என் பழைய காரில் முன் மட்கார்டின் கீழ்முனையில், கதவு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், பெயின்ட் கொப்புளம்போல் எழும்பியது. கல் அடித்திருக்கும் என்று நினைத்து மேலே பெயின்ட் தொட்டு வைத்தேன். ஆறு மாதத்தில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டையாகிவிட்டது. டிங்கரிங் வேலை செய்பவர் வீல் ஆர்ச்சுக்குள் இருந்த பிளாஸ்டிக் லைனரைக் கழற்றியதும், அதற்குப் பின்னாலிருந்து ஒரு முறம் நிறைய மண் தொப்பென்று விழுந்தது. மேற்புறம் காய்ந்து வெடித்திருந்த அந்த மண்ணைப் பிளந்து பார்த்தபோது நடுவில் ஈரம் இருந்தது. பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரம். வேப்பஞ்சருகும் வைக்கோல் துணுக்கும் அதற்குள் மக்கிக் கிடந்தன. மழை ஓய்ந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதமும் ஈரத் துணியைப் போர்த்தியதுபோல் அந்த மண் தகட்டை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே வாரம் தவறாமல் கழுவி மெழுகு பூசியதெல்லாம் அந்த இடத்துக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

மண் தங்கும் இடங்கள் வண்டிக்கு வண்டி சற்று மாறினாலும், விளிம்பின் உட்பக்கமாக மடிந்திருக்கும் தகடு, லைனர் முடியும் ஓரம், மட்ஃபிளாப் திருகியிருக்கும் மூலை ஆகிய மூன்றும் பெரும்பாலான கார்களில் சேறு பிடிக்கும். கடற்கரை ஓரம் வசிப்பவர்களுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கும் இதில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் நீரில் நின்ற வண்டிகளுக்கு இருக்கை, கார்ப்பெட், இன்ஜின் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள்கூட இந்த வளைவுகளை மறந்ததுண்டு. தேங்கிய வெள்ளத்தில் வண்டி நின்றிருந்தால் முதலில் அலச வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

சக்கரத்தைத் திருப்பாமல், அது நேராக நிற்கும்போதே முன் சக்கரத்துக்குப் பின்னால் கைவிட முயல்வது பொதுவான தவறு. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பினால் வளைவின் ஒரு பாதி திறந்துகொள்ளும். மறுபக்கம் திருப்பினால் மற்றப் பாதி. காய்ந்த சேற்றை எடுத்த எடுப்பில் பலமான நீரால் அடித்தால் மேல்தோல் மட்டும் போகும், உள்ளே இறுகியது அப்படியே நிற்கும். குழாய் நீரை மெதுவாக மேல்நோக்கி ஓடவிட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தள்ளி, மீண்டும் நனைத்து, கீழே வழியும் நீர் தெளிவாகும்வரை செய்ய வேண்டும். பிறகு கனமான கையுறை அணிந்து மடிப்புத் தகட்டின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெறுங்கையால் வேண்டாம், தகட்டின் ஓரம் கத்திபோல் இருக்கும். சில கார்களில் லைனர் பிளாஸ்டிக்காக இல்லாமல் கம்பளம் போன்ற துணியாக இருக்கும். அதைக் கரடான பிரஷ்ஷால் தேய்த்தால் பிய்ந்துவிடும், நீரால் அலசுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உளுந்துக் கொடியையும் கொள்ளுக் கொடியையும் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று சாலையில் பரப்பியிருக்கும் ஊர்களைக் கடந்து வந்தால், அன்றே குனிந்து பாருங்கள். அந்தக் கொடி அச்சில் கயிறுபோல் சுற்றிக்கொள்ளும். காய்ந்த நார் பிரேக்கின் சூட்டுக்கோ சைலன்சரின் சூட்டுக்கோ அருகில் இருந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வண்டி ஆறிய பிறகு அதைக் கத்தரித்து எடுக்க வேண்டும். இழுத்துப் பிய்த்தால் பக்கத்தில் போகும் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சாரின் ஒயரும் சேர்ந்து வரக்கூடும்.

பிரஷர் வாஷர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. அதோடு புதிய தவறும் வந்திருக்கிறது. முனையை ஒரு சாண் தூரத்தில் வைத்து உள்ளே பாய்ச்சும்போது, அச்சின் இணைப்பை மூடியிருக்கும் ரப்பர் பூட், சென்சார் கனெக்டர், டயரின் பக்கச்சுவர், சக்கரம் அதிராமல் சுழல அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் பேலன்சிங் எடைகள் ஆகிய எல்லாமே அடி வாங்குகின்றன. குறைந்தது ஒரு அடியாவது தள்ளி, விரிந்த பாய்ச்சலாக, ஓரிடத்தில் நிறுத்தாமல் அடிக்க வேண்டும். ஊசிபோல் பாயும் முனையையும் சுழலும் முனையையும் டயரின் மேல் பயன்படுத்தவே கூடாது. ரப்பர் பூட் கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும். சில மாதங்களில் வண்டியைத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் கேட்கத் தொடங்கும்.

கழுவத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் பார்ப்பதும் இதற்காகத்தான். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் சிதறியிருந்தாலோ, எண்ணெய்போல் ஈரம் வழிந்திருந்தாலோ, அது பூட் கிழிந்ததன் அல்லது பிரேக் ஆயில் கசிவதன் தடயமாக இருக்கலாம். அதைக் கழுவி மறைத்துவிடாமல் ஒரு படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சேறு பேலன்சையும் கெடுக்கும். மழையில் மண் சாலையில் போய்வந்து, இரவில் வண்டி நிற்கும்போது சேறு சக்கரத்தின் உட்புறத்தில் கீழே இறங்கி ஒரே பக்கம் காய்ந்துவிட்டால், மறுநாள் நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங்குக்குப் பணம் கொடுக்கும் முன் உட்புறத்தைக் கழுவிப் பாருங்கள். அங்கே வரிசையாக ஒட்டியிருக்கும் சிறு உலோகக் கட்டிகளை ஏதோ தார் என்று நினைத்துச் சுரண்டிவிடக் கூடாது. அவைதாம் பேலன்சிங் எடைகள். உட்புறத்தைக் கழுவச் சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால், வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையையோ தலையையோ நீட்ட வேண்டாம். மாட்டும்போது நட்டுகளைக் குறுக்கு வரிசையில், கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்க வேண்டும்.

எண்ணெயை எங்கும் அடிக்காதீர்கள்

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பகுதி முழுக்க டீசலையோ பழைய இன்ஜின் ஆயிலையோ அடித்துவிடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்து வீட்டிலும் செய்கிறார்கள். கறுத்து மினுங்குவதால் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் டீசலும் மண்ணெண்ணெயும் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களை ஊதிப்போகச் செய்யும், வரும் புழுதியையெல்லாம் இழுத்து ஒட்டவைக்கும். அதில் ஒரு சிறு படலம் டிஸ்க்கிலோ பேட்டிலோ பட்டால் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. சக்கரத்தருகே எந்த எண்ணெய் ஸ்பிரேயையும் பீய்ச்சக் கூடாது. புதிதாகப் போட்ட சாலையில் ஒட்டிய தாரை எடுக்க வேண்டுமானால், அதற்கென்று விற்கும் திரவத்தைத் துணியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் ஒற்றி எடுங்கள். தவறிப்போய் டிஸ்க்கில் எண்ணெய் பட்டுவிட்டால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே பாதுகாப்பு.

டயர் பாலிஷையும் இப்படியே பஞ்சில் எடுத்துப் பக்கச்சுவரில் மட்டும் மெல்லியதாகத் தடவ வேண்டும். சாலையில் படும் பட்டைப் பகுதியில் தடவினால் பிடிமானம் போய்விடும். இரு சக்கர வாகனக்காரர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு வண்டியை நாள்கணக்கில் நிறுத்திவைப்பது கடைசித் தவறு. ஈரமான டிரம்முக்குள் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை கிளப்பும்போது சக்கரம் நகர மறுக்கும். கழுவியதும் தெருவில் ஒரு சுற்றுப் போய், பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து நான்கைந்து முறை பிரேக்கை மெதுவாக மிதித்து ஈரத்தை உலர்த்திவிட்டு வாருங்கள். அப்படியும் மறுநாள் காலையில் டிஸ்க்கின்மேல் மஞ்சள் தடவியதுபோல் மெல்லிய துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். வார்ப்பிரும்பு ஈரம் பட்டால் சில மணி நேரத்தில் அப்படித்தான் ஆகும். தெருமுனை வருவதற்குள் இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் அந்தப் படலம் தானாகத் தேய்ந்து போய்விடும்.