மார்மன் ஊழியப் பிள்ளைகளோடு நட்பு பாராட்டுவது எப்படி: கோலாலம்பூர், பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்கு

எல்.ஆர்.டி. நிலையத்திலோ, பூப்பந்து மைதானத்திலோ, மார்மன் சபைக்குப் போகும் அண்டை வீட்டார் மூலமாகவோ, சமயம் பரப்பும் ஊழியத்துக்காக வந்திருக்கும், மார்பில் கறுப்புப் பெயர் அட்டை அணிந்த இரண்டு இளைஞர்கள் உங்களுக்கு அறிமுகமாகியிருக்கலாம். நாம் மார்மன்கள் என்று அழைக்கும் அவர்களுடைய சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும். 2018 முதல் அந்த முழுப்பெயரையே பயன்படுத்துமாறு அவர்களுடைய தலைமை கேட்டுவருவதால், முதல் சந்திப்பில் ஒருமுறையாவது அப்பெயரைச் சொல்வது மரியாதை. அட்டையில் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும். ஆண்களை எல்டர் என்றும் பெண்களை சிஸ்டர் என்றும் அழைப்பது அவர்களுடைய வழக்கம். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் தம்பி என்றும் பிள்ளைகள் அண்ணா என்றும் கூப்பிட்டால் அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாரும் அமெரிக்கர்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். பிலிப்பீன்ஸ்காரரோ, தமிழ்நாட்டுப் பையனோ வந்து நிற்கவும் கூடும்.

எதற்கும் முன்பு மதத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வந்தவர் மனம் நோகக்கூடாதென்று அவர்கள் தரும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வீட்டில் இருந்துகொண்டே கதவைத் திறக்காமல் இருந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் நம் "பார்க்கலாம்" என்பதை அப்படியே நம்பி, பேருந்து மாறி, வெயிலில் நடந்து வருகிறார்கள். "எங்களுக்குச் சாமி கும்பிடும் வழி இருக்கிறது, மாறும் எண்ணம் இல்லை, ஆனால் நீங்கள் சாப்பிட வரலாம், பேசலாம், பிள்ளைகளோடு விளையாடலாம்" என்று முதல் நாளே சிரித்த முகத்துடன் சொல்லிவிடுவதுதான் உண்மையான உபசாரம். அதற்குப் பிறகு அவர்கள் வருவது குறைந்தால் வருத்தப்படாதீர்கள். தங்கள் சமயத்தைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்களைத் தேடிப் போவதற்காகவே அவர்கள் கடல் கடந்து வந்திருக்கிறார்கள். பகல் பொழுதின் பெரும்பகுதி அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்படிச் சொன்ன பிறகும் தொடர்ந்து வருகிறவர்கள் உங்களை விரும்பியே வருகிறார்கள் என்று கொள்ளலாம்.

வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் வீட்டாரோடு பேசவும் அவர்களுக்கு ஓய்வு உண்டு. நட்புக்கு உகந்த நாள் அதுவே. ஆனால் அன்றும் மாலையில் வேலை மீண்டும் தொடங்கிவிடுவதால், இரவு உணவைவிடப் பகல் உணவுக்கு அழைப்பதே நல்லது. மற்ற நாள்களில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் அவர்கள் இருப்பிடம் திரும்பியாக வேண்டும். நம் வீடுகளில் எட்டரைக்குத்தான் அடுப்பு சூடேறும் என்பதை மறந்துவிட்டு விருந்துக்கு அழைத்தால், அவர்கள் அப்பளம் பொரிவதற்குள் எழுந்து கிளம்ப வேண்டியிருக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நினைவில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. தேநீர், காப்பி, மது, புகையிலை ஆகியவற்றை அவர்கள் தொடமாட்டார்கள். 1833 முதல் வரும் கட்டுப்பாடு அது. எனவே வந்தவுடன் தே தாரிக் கலக்கிக் கொண்டுவந்து வைப்பதும், "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்துவதும் அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்தும். மைலோ, சிராப் பண்டோங், எலுமிச்சைச் சாறு, மோர், இளநீர் ஆகியவற்றில் எது கொடுத்தாலும் மகிழ்ச்சியாகக் குடிப்பார்கள். சாப்பாட்டில் சைவம், அசைவம் என்ற தடை இல்லாததால், உங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேராது என்பதையும், வெள்ளிக்கிழமை சைவம் என்பதையும் நீங்கள்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் அன்போடு பர்கர் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாச நாள் என்பதால் அன்று நண்பகல் விருந்து வேண்டாம். காரத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டால் பழகிவிட்டது என்றுதான் பதில் வரும், அதை நம்பாமல் தயிரை அருகில் வைத்துவிடுங்கள்.

அவர்களுக்கு இருக்கும் விதிகள் நம் பார்வைக்கு விநோதமாகத் தோன்றலாம். எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய்வர முடியாது. வீட்டில் பெண் மட்டும் இருக்கும்போது ஆண் ஊழியர்கள் உள்ளே வரமாட்டார்கள் என்பதால், கணவரோ அண்ணனோ வெளியே போயிருந்தால் வாசலில் நாற்காலி போட்டுப் பேசலாம், அல்லது வேறொரு நாள் வரச் சொல்லலாம். தங்களுக்கென ஒதுக்கப்பட்ட வட்டாரத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகவும் கூடாது. ஆகவே கேமரன் மலைக்கு வேனில் இடம் இருக்கிறது, வாருங்கள் என்று ஆசை காட்டுவதில் பயனில்லை. பினாங்கில் இருப்பவர்கள் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கு அழைத்துப் போகத் துடிப்பார்கள். ஊழியக் காலத்தில் நீந்துவதற்கு அவர்களுக்கு அனுமதியில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போனால், மணலில் பந்து விளையாடிவிட்டுச் சோளம் தின்று திரும்பலாம். இந்த விதிகளை மீறவைப்பதை நெருக்கத்தின் அடையாளமாக நினைக்கும் சில அங்கிள்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

சேர்ந்து வேலை செய்தால் நட்பு விரைவில் வளரும். உதவி செய்வது அவர்களுடைய ஊழியத்தின் ஒரு பகுதியாகவே இருப்பதால், வீடு மாறும்போது அலமாரி தூக்கவோ, தீபாவளிக்கு முன் வாசல் கம்பிகளுக்குச் சாயம் பூசவோ கூச்சப்படாமல் கூப்பிடலாம். (பிள்ளைகளுக்கு இலவச ஆங்கில டியூஷன் கிடைத்துவிட்டது என்று வாரம் மூன்று நாள் உட்காரவைப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.) எங்கள் வீட்டில் முறுக்குச் சுடும் நாளன்று வந்த ஒருவரை என் அம்மா சும்மா உட்காரவிடவில்லை. அவர் டையைத் தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, முறுக்குக் குழலை இரு கைகளாலும் அழுத்த, மாவு கோணல் கோணலாக எண்ணெய்யில் விழுந்து துண்டுதுண்டாகப் பிரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்புறத்தில் மாவைப் பிழிந்து வட்டமாக்கி, பிறகு எண்ணெய்யில் நழுவவிடக் காட்டிக்கொடுத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனாலும் அன்று இரண்டு டின் நிரம்பியது.

விழாக்களுக்கு அழைப்பதில் தயக்கம் வேண்டாம். பத்துமலையின் 272 படிகளைத் தைப்பூசக் கூட்டத்தில் ஏறவைப்பதைவிட, தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுக்க நிறுத்தினால் அவர்களுக்கும் ஒரு வேலை இருக்கும், நம்மவர்களோடு பழக்கமும் ஏற்படும். பினாங்கில் தேர் வரும் வழியில் தேங்காய் அடுக்கவும் ஆள் தேவைப்படும். திருநீறு பூசுவதையும் பிரசாதம் கொடுப்பதையும் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒருவர் வாங்கிக்கொள்வார், இன்னொருவர் கைகூப்பி மறுப்பார். இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய் நண்பர்களும் வருவார்கள் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதனால் அந்த மேசையில் இருந்துகொண்டு, "உங்கள் மதத்தில் என்ன சொல்கிறார்கள்?" என்று விளையாட்டாகக்கூடக் கேட்டு யாரையும் இக்கட்டில் மாட்டிவிடாதீர்கள்.

இத்தனையும் செய்து பழகிய பிறகு ஒருநாள் அவர்கள் திடீரென்று கிளம்பிவிடுவார்கள். ஆண்களின் ஊழியம் இரண்டு ஆண்டுகள், பெண்களுடையது பதினெட்டு மாதங்கள் என்றாலும், அந்தக் காலம் முழுவதும் ஒரே ஊரில் இருப்பதில்லை. ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். சில நாள் அவகாசத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் எண் பல வேளைகளில் அந்த ஆளுக்கு உரியதாக இல்லாமல் அந்த வட்டாரத்துக்கு உரியதாக இருக்கும். போனவர் விட்டுச்செல்லும் கைப்பேசியை அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார். ஊழிய மின்னஞ்சலும் ஊர் திரும்பிய பிறகு நிலைப்பதில்லை. எனவே பழக்கம் ஊன்றிய உடனேயே அவர்களுடைய சொந்த மின்னஞ்சலையும், அவர்கள் சம்மதித்தால் அம்மாவின் மின்னஞ்சலையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2019 முதல் வாரந்தோறும் வீட்டோடு பேச அவர்களுக்கு அனுமதி இருக்கிறது என்றாலும், மகன் வாழையிலையில் சாப்பிடும் படத்தை நீங்கள் அனுப்பிவைத்தால் அந்தத் தாய்க்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊர் போய்ச் சேர்ந்த முதல் சில மாதங்கள் பதில் வராமல் இருக்கலாம். படிப்பு, வேலை, பெண் பார்ப்பது எல்லாம் அவர்களுக்கு ஒரே மூச்சில் தொடங்கிவிடுகின்றன. யூட்டாக்காரர் என்றால் இங்கே இரவு ஒன்பது மணி அங்கே அதே நாளின் காலை ஆறு, கோடையில் ஏழு என்று கணக்கு வைத்துக்கொண்டு அழையுங்கள். இனி அவர் எல்டர் இல்லை, சொந்தப் பெயரைச் சொல்லி அழைக்கலாம். திருமண அழைப்பு வந்தால், அவர்களுடைய சபை ஆலயத்தில் நடக்கும் சடங்குக்குள் சபையில் உரிய தகுதிச் சான்று பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே செல்ல முடியும். நமக்கான அழைப்பு வரவேற்புக்குத்தான் என்று புரிந்துகொண்டால் மனவருத்தம் வராது. குறித்த காலத்துக்கு முன்பே ஒருவர் ஊர் திரும்பிவிட்டதாகத் தெரிந்தால் காரணம் கேட்காதீர்கள். உடல்நலமாக இருக்கலாம், மனநலமாக இருக்கலாம், அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பின்னாளில் சபையை விட்டே விலகியவர்களும் உண்டு. அவர்களிடம் "அப்போதே நினைத்தேன்" என்று சொல்லாமல், வீட்டில் அனைவரும் நலமா என்று விசாரித்தால் போதும்.

பழைய எண்ணிலிருந்து புதிய இருவர் அழைத்து, முன்பு இருந்தவர்கள் உங்களைப் பற்றிச் சொன்னார்கள், வரலாமா என்று கேட்பார்கள். வரச் சொல்லுங்கள். மதத்தைப் பற்றி முதலில் இருந்தவர்களிடம் சொன்னதை இவர்களிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.